கருப்பட்டி கூடிய காப்பி

ஜூலை 3, ஞாயிறு

தங்கை தொற்காள் இன்று விடியற்காலையில் கடலில் முழுக்கு எடுத்துவிட்டு வந்தாள். தலைகூடத் துவட்டாமல் வாசலில் நின்று, "எக்கா, எடுத்துட்டேன்" என்றாள். ரேஷன் கடையில் சீனி எடுத்து வந்தவள் மாதிரி சொன்னாள். நான் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

கோயிலில் வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் வீட்டுப் பிள்ளை இவள். குழந்தையாக அப்பா ஏந்திப் பிடிக்க, அந்தக் கோயில் குருவான ஐயர் இவள் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்தார். இந்த வயதில் அந்தத் தண்ணீர் போதவில்லையாம். குழந்தைக்குக் கொடுத்தது செல்லாதாம், புத்தி தெரிந்து முங்கி எழுந்தால்தான் செல்லுமாம். கடைத்தெருவுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்களே, அந்தச் சபைப் பாஸ்டரின் போதனை. இவளுக்குப் புத்தி எப்போது தெரிந்தது என்று அந்தப் பாஸ்டரிடம்தான் கேட்க வேண்டும்.

மத்தியானம் கோழிக் குழம்பு. அவளுக்கு ஈரல் என்றால் உயிர். பூனைக்கு வைத்துவிட்டேன்.

ஜூலை 4, திங்கள்

உப்பு பூத்த வெள்ளைச் சேலை கொடியில் கிடக்கிறது. அவளே அலசட்டும்.

ஜூலை 9, சனி

காதுத் தோடு, சங்கிலி, வளையல் எல்லாவற்றையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அந்தச் சபையில் நகை கூடாது. குணசீலன் செத்தபோதுகூடக் கழற்றாத சங்கிலி அது. புருஷன் சாவுக்குக் கழற்றாததைப் பாஸ்டர் சொல்லிக் கழற்றியிருக்கிறாள் என்று அவள் காதில் விழும்படியே சொன்னேன். அவள் அழுதாள். நான் பருப்பை அடுப்பில் வைக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் அடுத்த பாடம். பிரஷர் மாத்திரையும் இனி கிடையாதாம்.

"இனி கர்த்தரு பாத்துக்கிடுவாருக்கா. அவர நம்புதேன்னு சொல்லிட்டு மாத்திரையும் திங்கலாமா?"

"டாக்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா? நிறுத்தினா மூளையில நரம்பு வெடிச்சிரும்னு என் முன்னாடிதான சொன்னாரு?"

"டாக்டருக்கு அவ்வளவுதான் தெரியும்."

மாத்திரை அட்டைகளைக் குப்பைக் கூடையில் போட்டாள். நான் எடுத்து அலமாரியில் வைத்தேன். பொருளை வீணாக்கி எனக்குப் பழக்கம் இல்லை.

ஜூலை 17, ஞாயிறு

தொற்காள் முழுக்கு எடுத்த விஷயத்தை யாரோ ஐயரிடம் சொல்லியிருக்கிறார்கள். நான்தான். மறைத்துப் பேசுகிற பழக்கமும் எனக்கு இல்லை.

இன்று நற்கருணை ஆராதனை. "பிறந்து வளந்த கோயில்தானக்கா, ஒங்கூட வந்து ஒரு தடவ முழங்கால் போட்டுட்டு வாரேன்" என்று கூடவே வந்தாள். வராதே என்று நான் சொல்லவில்லை. வந்தால் என்ன நடக்கும் என்றும் சொல்லவில்லை. பீடத்தின் முன்னால் என் பக்கத்தில் முழங்காலிட்டுக் கையை ஏந்தினாள். ஐயர் எனக்கு அப்பம் கொடுத்தார். அவளைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். முழுக்கு எடுத்தவர்களுக்கு அப்பம் இல்லை. திருச்சபை ஒழுங்கு அது, ஐயர் மேல் பிழை இல்லை. ஏந்திய கையை மடக்கத் தெரியாமல் அவள் அப்படியே வைத்திருந்தாள். நான்தான் முழங்கையால் இடித்து எழுப்பினேன்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் கூப்பிட்டார். அக்டோபரில் பெண்கள் பண்டிகை வருகிறது. இந்த வருஷம் மேடையில் சிறப்புச் செய்தி நான் கொடுக்க வேண்டும். தலைப்பு, "உபதேசத்தில் வேறுபட்டவர்களிடம் அன்பு பாராட்டுதல்".

"ஒங்கள விட்டா இதப் பேச ஆள் இல்ல, எமீமாள் டீச்சர். ஒரே வீட்டுல ரெண்டு சபைய வச்சுக்கிட்டு ஒரு சத்தம் வெளிய வரலியே!"

உண்மைதான். வெளியே வரவில்லை.

ஜூலை 26, செவ்வாய்

துவைக்கிற கல்லுப் பக்கத்தில் தொற்காள் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் இடுக்கெல்லாம் ரத்தம். தலை சுற்றுகிறதாம், பின்மண்டை இடிக்கிறதாம். "ஆஸ்பத்திரிக்கு வா" என்றால் தலையை ஆட்டுகிறாள், அதற்கும் சேர்த்து ரத்தம் வடிகிறது. அம்மா இப்படித்தான் போனாள்.

அலமாரியிலிருந்து மாத்திரையை எடுத்து அம்மியில் பொடித்தேன். காப்பியில் போட்டு, கசப்புத் தெரியாமலிருக்கக் கருப்பட்டியைக் கூட்டிப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன பாக்க? குடி."

குடித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

தினமும் காலையில் கொடுத்து வருகிறேன். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் புதிதாகவும் வாங்கி வைத்தாயிற்று. மூக்கில் ரத்தம் இல்லை, தலைசுற்றல் இல்லை. மாடிப்படியில் பாடிக்கொண்டே ஏறுகிறாள். சுருதி மட்டும் எந்த மாத்திரைக்கும் சரியாகவில்லை.

கொள்கையில் விரோதி, ஆனாலும் உயிரைக் காப்பாற்றுகிறேன். என் செய்திக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வெளியே சொல்ல முடியாது என்பதுதான் குறை.

ஆகஸ்ட் 15, திங்கள்

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு வந்தேன். வந்ததும் வராததுமாகத் தண்ணீர்ச் சண்டை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று நான் வசனம் காட்டினேன், கூடாது என்று அவள் காட்டினாள். பதினைந்து வருஷம் தலைமையாசிரியையாக இருந்தவளிடம் வாதாடுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. கடைசியில் அவள் வேதபுத்தகத்தை மூடினாள். பிறகு சிரித்தாள்.

"எக்கா, ஒனக்குச் சண்ட போட ஆளு வேணும். கெழவியாயி நான் முன்னால போயிட்டா நீ யாருகூடப் போடுவ?"

"பூனகூட."

"அது ஞானஸ்நானமே எடுக்கலியே!"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சாயங்காலக் காப்பியை அவள் போட்டாள். சீனி கம்மி, சொன்னேன்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

மனசு ஆறவில்லை. எழுதினாலாவது ஆறுமா பார்க்கிறேன்.

தகரக் கொட்டகையில் இன்று சிறப்புக் கூட்டம். ஒலிபெருக்கியை எங்கள் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். மத்தியானம் படுத்திருக்கிறேன், தொற்காளின் குரல் கேட்கிறது. சாட்சி சொல்கிறாள். டாக்டர் சாகும்வரை மாத்திரை சாப்பிடச் சொன்னாராம், இவள் கர்த்தரை நம்பித் தூக்கி எறிந்தாளாம், ரத்தம் வடிந்து மயங்கி விழ இருந்தாளாம். "இன்னைக்கு நான் சுகமா நிக்கேன்!" கொட்டகை முழுக்க அல்லேலூயா. கைதட்டு.

நான் அம்மியில் பொடித்தது யாருக்குத் தெரியும்? என் மாத்திரைக்கு அந்தப் பாஸ்டர் அல்லேலூயா வாங்குகிறார்! ஜன்னலை அறைந்து சாத்தினேன். கொக்கி கழன்றுவிட்டது. மிச்சத்தைக் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை.

ஆகஸ்ட் 29, திங்கள்

கொக்கி போட ஆசாரியை வரச்சொல்ல வேண்டும்.

காலையிலிருந்து விசாரிப்பு. பெண்கள் சங்கச் செயலாளர் ஹெப்சி வந்து, "டீச்சர், நம்ம ஆளுக ரெண்டு குடும்பம் அங்க போகப் போறாவளாம். தொற்காளுக்குச் சுகமானதப் பாத்துட்டுத்தான் போறாவ. ஒங்க வீட்டுலயே அற்புதம் நடந்திருக்கே, நீங்க எப்ப போறிய?" என்று சிரித்தாள். அவள் மாமியாரும் சர்க்கரை ஊசியை நிறுத்தப்போகிறாளாம்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் தொற்காள் காப்பியைத் தொட மாட்டாள், உயிர் போய்விடும். சொல்லாவிட்டால் ஊரே மருந்தைத் தூக்கி எறியும், எல்லார் உயிரும் போகும். எது பெரிது? கணக்கு டீச்சருக்கு இது தெரியாதா?

ஆகஸ்ட் 30, செவ்வாய்

காப்பியில் கருப்பட்டி மட்டும் போட்டேன்.

அடுத்தவர் விசுவாசத்தில் தலையிடுவது மரியாதை இல்லை என்று தோன்றிற்று. அவள் கேட்டதும் இதுதானே? கேட்டதைக் கொடுத்திருக்கிறேன்.

"இன்னைக்கு ரொம்ப இனிப்பா இருக்குக்கா" என்றாள்.

"புதுக் கருப்பட்டி."

தம்ளருக்குள் ஒரு தடவை பார்த்தாள். பிறகு முழுவதையும் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

செப்டம்பர் 6, செவ்வாய்

செய்தி பாதி எழுதியாயிற்று. முதலில் பொறுமை. இரண்டாவது, மாறுபட்டவரின் மனச்சாட்சியை மதித்தல். இரண்டாவது தலைப்பு தானாக ஓடி வருகிறது. முருங்கைக்காய் நிறைய காய்த்திருக்கிறது, ஐயர் வீட்டுக்கு ஒரு கட்டு கொடுத்தனுப்பினேன்.

தொற்காள் நன்றாகத்தான் இருக்கிறாள். படியில் ஏறும்போது பாடுவதில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 11, ஞாயிறு

தொற்காள் சபைக்குப் போகவில்லை. வெள்ளைச் சேலை கட்டி, வேதபுத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, போகலியா?"

"இல்லக்கா. அங்கயும் எனக்கு அப்பம் கிடையாதுன்னுட்டாவ."

"என்ன செஞ்ச?"

"சின்ன விஷயந்தான். விடு."

விட்டேன். ஆனால் மனசுக்குள் என்ன சந்தோஷம்! இனி எங்கே போவாள்? ஐயரிடம் வந்து, முழுக்கு எடுத்தது தப்பு என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள். சொல்ல வைத்துவிடலாம். இன்று ஈரல் வாங்கிப் பொரித்து அவளுக்கே முழுவதும் வைத்தேன். பாதிதான் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 17, சனி

பின்மண்டை இடிக்கிறதாம். நான் கேட்கவில்லை, முகம் சொல்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

"எக்கா, முந்தி போட்டுத் தருவியே, அந்த மாதிரி காப்பி போட்டுத் தாயேன்."

பாலை அடுப்பில் வைத்தேன். ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"எந்த மாதிரி?"

நின்றாள். நானும் நின்றேன். பால் பொங்கி வந்தது, இறக்கினேன்.

"சும்மாதான்" என்றாள். "இதே மாதிரியே தா."

ஒரு வார்த்தை. மாத்திரை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே கொடுத்திருப்பேன். அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எங்கள் வீட்டில் பிடிவாதம் யாருக்கு அதிகம் என்று அப்பாவுக்கே கடைசிவரை தெரியவில்லை.

செப்டம்பர் 18, ஞாயிறு

கொடுத்துவிடலாம் என்று காலையில் மாத்திரையைக் கையில் எடுத்தேன். அப்போது பார்த்து ஹெப்சி வந்து, மாமியார் ஊசியை நிறுத்தியேவிட்டாள், தொற்காளைப் பார்த்துத்தான் நிறுத்தினாள் என்றாள். திரும்ப வைத்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள்.

செப்டம்பர் 22, வியாழன்

கிணற்றடியில் விழுந்துவிட்டாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. ஆட்டோ வந்துவிட்டது.

செப்டம்பர் 24, சனி

பெரிய ஆஸ்பத்திரி. மூளையில் ரத்தக் கசிவு. உயிர் நிற்கும், வலது பக்கமும் பேச்சும் திரும்புமா என்று சொல்ல முடியாதாம்.

"பிரஷர் மாத்திரை ஒழுங்கா எடுத்தாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர். அவுங்க சபையில கூடாது."

"படிச்ச நீங்க கூட இருந்துமா?"

"எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். ஹெப்சியின் மாமியார் விஷயம் கேள்விப்பட்ட உடனே ஊசி போட்டுக்கொண்டாளாம். ஹெப்சி போனில் சொல்லும்போது அழுதாள். "தொற்காளால எங்க அத்த பொழச்சாவ, டீச்சர்." சந்தோஷப்படத்தான் வேண்டும். பட்டேன்.

அக்டோபர் 3, திங்கள்

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பேச்சு இல்லை. வலது கை துணி மாதிரி கிடக்கிறது. இடது கையும் கண்ணும் இருக்கின்றன. மாத்திரையைப் பொடித்து நானே ஊட்டுகிறேன், ஆஸ்பத்திரிச் சீட்டுப்படி, கஞ்சியில் கலந்து. இப்போது தலையை ஆட்டுவதில்லை.

ஐயர் வந்து ஜெபித்தார். அவளைத் திரும்பச் சேர்க்க வாய்மொழி அறிக்கை தேவை, பேச்சு வரட்டும், பார்க்கலாம் என்றார். ஒழுங்கு ஒழுங்குதான். காப்பி கொடுத்தனுப்பினேன்.

அக்டோபர் 8, சனி

பெண்கள் பண்டிகை. ஐயரின் பொறுப்பில் இருக்கிற சேகரத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள், பந்தலில் இடம் இல்லை. தொற்காளைச் சக்கர நாற்காலியில் வைத்து முன்வரிசையில் உட்கார வைக்கச் சொன்னேன். நல்ல சேலை கட்டி, தோடும் சங்கிலியும் போட்டுவிட்டிருந்தேன். இடது கையால் தோட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள், கழற்ற வரவில்லை.

செய்தி நன்றாக அமைந்தது. முடிக்கும்போது, "என் தங்கை வேறு உபதேசத்தைப் பிடித்தாள். நான் ஒரு நாளும் அவள்மேல் குரல் உயர்த்தவில்லை. இன்று அவள் சபை அவளைக் கைவிட்டது, நான் ஊட்டுகிறேன்" என்று அவளைக் காட்டினேன். பந்தலே அழுதது. ஐயர் மேடையேறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐயரம்மா தொற்காளிடம் குனிந்து, "இப்பிடி ஒரு அக்கா கெடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்" என்றார்கள்.

தொற்காள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்தால் பதில் பார்வை பார்த்திருப்பேன். அப்படிப் பார்க்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

அக்டோபர் 11, செவ்வாய்

தகரக் கொட்டகைச் சபையிலிருந்து லேயாள் வந்தாள். தொற்காளோடு முழுக்கு எடுத்தவள், தையல் கடை வைத்திருக்கிறாள். உள்ளே விட மனசில்லை. வாசலிலேயே நின்று அழுதாள்.

"டீச்சர், அன்னைக்குப் பந்தல்ல பேசுனியளே, அவ சபை அவளக் கைவிட்டுச்சுன்னு. ஏன்னு தெரியுமா? நான்தான் காரணம். சாட்சி சொன்ன அன்னைக்கு நீங்க கேட்டியளா?"

"பாதி கேட்டேன்."

"மிச்சம் கேக்கலியா? 'எங்க அக்கா கையால கர்த்தர் எனக்குச் சுகம் தாரார்'னு மைக்ல சொன்னா, டீச்சர். நல்ல சாப்பாடு போடுதியன்னு எல்லாரும் நெனச்சோம். மறுநாள் எங்கடைக்கு வந்தா. தனியா கேட்டேன். 'அக்கா தெனமும் காப்பியில மாத்திரையக் கலந்து தாரா. மொத நாளே கசந்துச்சு. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது'ன்னு சிரிச்சா. நான் வாய வச்சுக்கிட்டு இருந்திருக்கணும். பாஸ்டர்ட்ட சொல்லிட்டேன்."

நான் கதவைச் சாத்தப் போனேன். லேயாள் நிறுத்தவில்லை.

"பாஸ்டர் கூப்பிட்டு, 'அந்தக் காப்பிய விட்டாத்தான் அப்பம்'னாரு. 'நாங்க விடிஞ்சா அடஞ்சா தண்ணிக்குச் சண்ட போடுதோம், ஐயா. அந்தத் தம்ளர்ல மட்டுந்தான் சண்ட கிடையாது. அத விடமாட்டேன்'ன்னா. வெளிய வந்ததும் எங்கிட்ட மட்டும் சொன்னா, 'இப்ப கொஞ்ச நாளா காப்பி இனிப்பாத்தான் இருக்கு, லேயா'ன்னு. 'அட பாவி, அத உள்ள சொல்லியிருந்தா அப்பம் தந்திருப்பாவளே'ன்னேன். 'எப்பிடிச் சொல்லுவேன்? எங்க அக்கா நிறுத்திட்டான்னா சொல்லுவேன்? நாளைக்குப் போடுவா'ன்னா."

லேயாள் அப்புறமும் ஏதோ சொன்னாள். ஒலிபெருக்கிச் சபைக்காரி, நாலைக் கூட்டித்தான் சொல்வாள். நான் நம்பவில்லை. கதவைச் சாத்திவிட்டேன்.

நம்பவில்லை என்று எழுதிவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.

அக்டோபர் 12, புதன்

இன்று கஞ்சியில் கலக்கவில்லை. காப்பி போட்டேன். மாத்திரையை அம்மியில் பொடித்தேன். கருப்பட்டி போடவில்லை, கை போகவில்லை. தலையைத் தாங்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். விஷம் மாதிரி கசந்திருக்கும்.

முதல் வாயை விழுங்காமல் வெகுநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். பிறகு விழுங்கினாள். வாயின் நல்ல பக்கம் மட்டும் சிரித்தது. இடது கையைத் தூக்கி, என் மணிக்கட்டில் தட்டிக்கொடுத்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளையை நான் தட்டிக்கொடுப்பேனே, அப்படி.

"மருந்துதான். வேற ஒண்ணும் நெனச்சுக்கிடாத" என்றேன்.

மறுபடியும் தட்டினாள்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்படிக்கு வந்து பாத்திரம் எல்லாவற்றையும், கழுவியதையும் சேர்த்து, மறுபடி கழுவினேன். அவள் அதை என் முகத்தில் துப்பியிருக்கலாம்.